அரிசியை விடாமல் முழு உணவுக்கு மாறுவது எப்படி?

திருச்சியில் வங்கி ஒன்றில் வேலை பார்க்கும் 43 வயதுப் பெண்மணி கேட்டிருக்கும் கேள்விக்கான பதில் இது. அவர் தந்திருக்கும் விவரங்களை முதலில் சொல்லிவிடுகிறேன். உயரம் 158 செ.மீ., எடை 78 கிலோ. மூன்று மாதச் சராசரி சர்க்கரை 6.2 சதவீதம். ஸ்கேனில் கல்லீரல் கொழுப்பு என்று வந்திருக்கிறது. தைராய்டு மாத்திரை எடுக்கிறார்; சர்க்கரைக்கு இன்னும் மாத்திரை தொடங்கவில்லை. "முழு உணவு முறைக்கு மாறினால் எடையும் குறையும், சர்க்கரையும் கட்டுப்படும் என்கிறார்கள். உண்மையா? சோற்றை அறவே நிறுத்த வேண்டுமா? கீன்வா, சியா விதை, ஆலிவ் எண்ணெய் எல்லாம் வாங்க எங்களுக்குக் கட்டுப்படியாகாது. வீட்டில் கணவர், இரண்டு பிள்ளைகள், சர்க்கரை மாத்திரை சாப்பிடும் மாமியார். எனக்கென்று தனிச் சமையல் செய்ய நேரமில்லை" என்று எழுதியிருக்கிறார்.

குறையும். முழு உணவு என்பது, ஆலையில் அதிகம் பதப்படுத்தாத தானியம், பருப்பு, காய், பழம், முட்டை போன்றவற்றை வீட்டில் சமைத்துச் சாப்பிடுவது. சோற்றை நிறுத்த வேண்டியதில்லை. கீன்வாவும் வேண்டாம். ஆனால் "முழு உணவு" என்ற பெயரை மட்டும் நம்பி இறங்கினால் நம் ஊர்ச் சமையலில் எடை குறையாமலேயே போகலாம். பல ஆண்டுகளாக உணவு ஆலோசனை தருபவள் என்ற முறையில் இந்த இடத்தில்தான் அதிகம் பேர் சறுக்குவதைப் பார்க்கிறேன். அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில், இந்த முறை ஏன் வேலை செய்கிறது என்பது. அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனத்தில் கெவின் ஹால் என்ற ஆய்வாளரின் குழு 2019-இல் ஒரு சோதனையை வெளியிட்டது. 20 பேரை நான்கு வாரம் மருத்துவ மையத்திலேயே தங்க வைத்தார்கள். இரண்டு வாரம் ஆலையில் தயாரான பாக்கெட் உணவுகள். இரண்டு வாரம் காய், பழம், முட்டை, இறைச்சி, பருப்பு என்று அங்கேயே சமைத்த உணவுகள். இரண்டு வகைத் தட்டிலும் வைக்கப்பட்ட கலோரி, சர்க்கரை, கொழுப்பு, நார்ச்சத்து, உப்பு எல்லாம் ஏறக்குறைய சமம். எவ்வளவு சாப்பிடுவது என்பது அவரவர் விருப்பம். பாக்கெட் உணவு வாரங்களில் அவர்கள் நாளொன்றுக்குச் சுமார் 500 கலோரி கூடுதலாகச் சாப்பிட்டார்கள். இரண்டு வாரத்தில் எடை ஏறத்தாழ ஒரு கிலோ ஏறியது. சமைத்த உணவு வாரங்களில் அதே அளவு இறங்கியது. "குறைவாகச் சாப்பிடுங்கள்" என்று யாரும் அவர்களிடம் சொல்லவில்லை.

காரணங்களில் முக்கியமானது வேகம் என்று நினைக்கிறேன். பாக்கெட் உணவை அவர்கள் வேகமாகச் சாப்பிட்டார்கள். மென்மையாக, மெல்ல வேலையில்லாமல், சின்ன அளவில் நிறைய கலோரி அடங்கியதாக இருக்கும் உணவு, வயிறு "போதும்" என்று சொல்வதற்குள் உள்ளே போய்விடுகிறது. 1977-இல் வந்த ஒரு பழைய ஆங்கிலேய ஆய்வு இதை ஆப்பிளை வைத்தே காட்டியது. முழு ஆப்பிள், மசித்த ஆப்பிள், ஆப்பிள் சாறு மூன்றையும் கொடுத்துப் பார்த்ததில், முழுப் பழத்தைவிடப் பதினொரு மடங்கு வேகத்தில் சாற்றைக் குடித்து முடித்தார்கள். வயிறு நிறைந்த உணர்வும் அதில்தான் மிகக் குறைவு. பழம் ஒன்றுதான். பழத்தின் உடம்பை உடைத்தோமா இல்லையா என்பதில்தான் வித்தியாசம்.

இப்போது நம் வீட்டுக்கு வருவோம். இந்தத் துறையில் உலகம் முழுக்கப் பயன்படும் வகைப்பாட்டை பிரேசிலின் சாவோ பாவ்லோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கார்லோஸ் மொன்டேரோ குழு 2009-இல் முன்வைத்தது. 'நோவா' என்று பெயர். உணவை, எவ்வளவு தூரம் ஆலையில் மாற்றப்பட்டது என்பதைக் கொண்டு நான்கு குழுக்களாகப் பிரிக்கிறார்கள். அதில் பட்டை தீட்டிய வெள்ளை அரிசிகூட முதல் குழுவில்தான் வருகிறது. அதாவது, "அதிகம் பதப்படுத்தாதது". எண்ணெயும் சர்க்கரையும் சமையலுக்கு உதவும் பொருள்கள் என்ற இரண்டாவது குழுவில் வருகின்றன. அந்த அளவுகோலின்படி, வீட்டில் வடித்த சோறு, வீட்டில் பொரித்த அப்பளம், வீட்டில் சுட்ட உளுந்து வடை, உருளைக்கிழங்கு வறுவல் எதிலும் பெரிய குற்றம் சொல்ல முடியாது. காலையில் நெய் மணக்கும் பொங்கல், மதியம் குவித்த சோறு, மாலையில் வடை, இரவில் எண்ணெய் ஊற்றிய நான்கு தோசை என்று ஒரு பாக்கெட்டைக்கூடப் பிரிக்காமல் 78 கிலோவை 85 ஆக்கிவிடலாம்.

அமெரிக்காவிலோ பிரிட்டனிலோ ஒருவர் முழு உணவுக்கு மாறுகிறார் என்றால் பர்கர், சிப்ஸ், குளிர்பானத்தை விட்டுச் சமையலறைக்குத் திரும்புகிறார் என்று பொருள். நீங்கள் ஏற்கெனவே சமையலறையில்தான் இருக்கிறீர்கள். உங்களுக்கு மாற வேண்டியவை இரண்டு: தட்டில் சோற்றுக்கும் மற்றவற்றுக்கும் உள்ள விகிதம், இரண்டு வேளைக்கு நடுவில் வாய்க்குள் போகிறவை. மற்றதெல்லாம் இவற்றுக்கு அடுத்துத்தான்.

அரிசியைப் பற்றிச் சொல்லும்போது ஒரு சிறிய வரலாற்றைச் சொல்லாமல் நகர மனம் வரவில்லை. இன்று ஐதராபாத்தில் இருக்கும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் பிறந்தது நம் குன்னூரில். 1918-இல் ராபர்ட் மெக்காரிசன் என்ற மருத்துவர் குன்னூர் பாஸ்டர் நிலையத்தில் ஒரே ஒரு அறையில் 'பெரிபெரி' நோயை ஆராயத் தொடங்கிய கூடம் அது. 1958-இல்தான் ஐதராபாத்துக்குப் போனது. பெரிபெரி என்பது தயமின் எனும் பி1 வைட்டமின் குறைவால் வருவது. நெல்லை மில்லில் நன்றாகத் தீட்டி, தவிட்டையும் முளையையும் நீக்கி, பளபளவென்று வெள்ளையாக்கிச் சாப்பிட்ட இடங்களில் அது பரவியது. புழுங்கல் அரிசி சாப்பிட்டவர்களுக்கு அவ்வளவாக வரவில்லை. நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது தவிட்டில் இருக்கும் பி1-இல் ஒரு பகுதி அரிசியின் உள்ளே இறங்கிவிடுகிறது. பிறகு தீட்டினாலும் முழுதாகப் போவதில்லை. நம் முன்னோர்கள் நெல் அவித்த வழக்கத்தில் இவ்வளவு பெரிய காப்பு இருந்திருக்கிறது என்பதை நினைத்தால் எனக்கு இன்றும் வியப்புதான். முழுத் தானியத்தின் அருமையை அறிவியல் கற்றுக்கொண்ட இடங்களில் நம் மலை ஊர் ஒன்றும் உண்டு.

ஆகவே, கைக்குத்தல் அரிசியோ தீட்டாத புழுங்கலோ கிடைத்தால் வாங்குங்கள். மாப்பிள்ளைச் சம்பா, கருப்புக் கவுனி பிடித்தால் நல்லது. விலை ஒத்துவராவிட்டால் கவலை வேண்டாம். அரிசியின் ரகத்தைவிட அளவு பெரிய விஷயம். வெந்த சோறு ஒரு கப், அதாவது சுமார் 150 கிராம், 200 கலோரி. நம் வீடுகளில் சாம்பாருக்கு ஒன்று, ரசத்துக்கு ஒன்று, மோருக்கு ஒன்று என்று மூன்று கப் சர்வ சாதாரணம். அதுவே 600 கலோரி. பக்கத்தில் ஒரு கரண்டி பொரியல்.

இதைத் தலைகீழாக்குங்கள். ஒரு கப் சோறு. இரண்டு கப் காய். அதில் ஒன்று கீரையாகவோ நீர்க்காய்க் கூட்டாகவோ இருக்கட்டும். ஒரு கப் கெட்டியான பருப்போ பயறோ. கொஞ்சம் தயிர். காயும் பருப்பும் முதலில், சோறு பிறகு. சாம்பாரில் தண்ணீரைக் குறைத்துப் பருப்பைக் கூட்டினாலே பாதி வேலை முடிந்தது. கணக்குப் போட்டால் இந்த ஒரு வேளையில் மட்டும் 250 முதல் 300 கலோரி குறையும். தட்டு காலியாகத் தெரியாது, நான்கு மணிக்குப் பசி எடுத்துக் கை நடுங்கவும் செய்யாது.

தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-இல் வெளியிட்ட வழிகாட்டியில், 2000 கலோரி உணவுக்கு நாளொன்றுக்குக் காய்கறி 400 கிராம், பழம் 100 கிராம், தானியம் 250 கிராம் என்று இருக்கிறது. காய் அளவு தானியத்தைவிட அதிகமாக இருப்பதைக் கவனியுங்கள். நம் வீட்டில் யாரிடம் கேட்டாலும் இது நேர்மாறாக இருக்கும். உங்களைப் போல உட்கார்ந்து வேலை பார்க்கும் பெண்ணுக்கு 2000 கலோரி தேவைப்படாது. எடையும் குறைய வேண்டும். அதனால் மூன்று வேளைக்கும் சேர்த்துத் தானியம், வேகாத எடையில், 150 கிராம் அளவில் நிற்கட்டும். இரண்டு இட்லி, மதியம் ஒரு கப் சோறு, இரவு இரண்டு சப்பாத்தியோ ஒரு கேழ்வரகு அடையோ என்றால் கணக்கு சரியாக வரும்.

சிறுதானியம் பற்றி ஒரு வார்த்தை, ஏனென்றால் இதில் தவறான நம்பிக்கை நிறைய. தினை, சாமை, வரகு, குதிரைவாலி எல்லாம் நல்லவை. நார்ச்சத்து வெள்ளை அரிசியைவிட அதிகம். கேழ்வரகில் 100 கிராமுக்கு 300 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் இருக்கிறது. எந்தத் தானியமும் அதன் அருகில் வராது. ஆனால் கலோரியில் அரிசிக்கும் இவற்றுக்கும் பெரிய வேறுபாடு இல்லை. "சாமைச் சோறுதானே" என்று மூன்று கப் போட்டுக்கொண்டால் எடை அசையாது. மாவாக அரைத்துக் கஞ்சியாகக் காய்ச்சிக் குடிக்கும்போது, அந்த ஆப்பிள் சாற்றின் கதைதான்: சீக்கிரம் இறங்கி, சீக்கிரம் சர்க்கரையாகிறது. அடையாக, உப்புமாவாக, முழுசாக வேகவைத்த சோறாகச் சாப்பிடுவது மேல். உங்களுக்குத் தைராய்டு இருப்பதால் இன்னொன்றும் சொல்கிறேன். கம்பில் தைராய்டு சுரப்பியின் வேலையைத் தடுக்கும் சில பொருள்கள் உண்டு. அயோடின் உப்பு பயன்படுத்தும் வீட்டில் வாரம் ஓரிரு முறை கம்பு சாப்பிடுவதில் பயமில்லை. தினமும் அதையே பிரதான உணவாக்க வேண்டாம்.

புரதம்தான் நம் தட்டில் மிகவும் ஏழையாக இருப்பது. எடை குறைக்கும்போது தசை கரையாமல் காப்பதும், பசியை அடக்கி வைப்பதும் அதுதான். உங்களுக்கு நாளொன்றுக்கு 55 முதல் 60 கிராம் புரதம் போதும். இரண்டு முட்டையில் 12 கிராம், ஒரு கப் சுண்டலில் 12 கிராமுக்கு மேல், கெட்டிப் பருப்பில் 8 முதல் 10, தயிரில் 6 என்று சேர்த்தால் தானியத்தில் வருவதையும் கூட்டி இலக்கை எட்டிவிடலாம். மீன் சாப்பிடுபவர் என்றால் மத்தியையும் நெத்திலியையும் தேடி வாங்குங்கள். வஞ்சிரத்தைவிட மிகக் குறைந்த விலை. இதயத்துக்கு உகந்த ஒமேகா-3 கொழுப்பு மத்தியில் நிறைய. பொரிக்காமல் குழம்பாக வையுங்கள். சைவம் மட்டும் என்றால் பாலும் தயிரும் தவறக் கூடாது. பி12 அளவை ஒருமுறை பரிசோதித்துக்கொள்ளுங்கள். காய்கறியும் பருப்பும் எவ்வளவு சாப்பிட்டாலும் பி12 வராது.

கொள்ளு எடையைக் கரைக்குமா என்று எல்லோரும் கேட்கிறார்கள். எந்த உணவும் கொழுப்பைக் கரைப்பதில்லை. கொள்ளில் புரதமும் நாரும் அதிகம், வயிறு நிறையும், விலை குறைவு. இவ்வளவு போதாதா? துவையலாகவும் ரசமாகவும் சுண்டலாகவும் சாப்பிடுங்கள்.

இப்போது இரண்டாவது விஷயம், இரண்டு வேளைக்கு நடுவில் நடப்பது. வங்கி வேலையில் நாளுக்கு நான்கு டீ என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொன்றிலும் இரண்டு தேக்கரண்டி சர்க்கரை என்றால் 32 முதல் 40 கிராம். உலக சுகாதார நிறுவனம் சொல்லும் உச்ச வரம்பு மொத்தக் கலோரியில் பத்தில் ஒரு பங்கு. முடிந்தால் அதிலும் பாதி, அதாவது 25 கிராம் அளவில் நிறுத்தச் சொல்கிறது. டீயிலேயே அதைத் தாண்டிவிட்டோம். கூட வரும் பிஸ்கட்டும் ரஸ்க்கும் தனி. பிறகு ஆறரைக்கு வீடு திரும்பும்போது வரும் அகோரப் பசி. கைக்கு முதலில் எட்டுவது மிக்சர் டப்பா. 100 கிராம் மிக்சரில் 500 கலோரிக்கு மேல் இருக்கிறது. டிவி முன்னால் அந்த அளவு போவது தெரியவே தெரியாது.

இதற்கு மனவலிமை தேவையில்லை, முன்னேற்பாடு தேவை. காலையில் ஊறப்போட்ட கொண்டைக்கடலையோ பச்சைப்பயறோ மாலையில் குக்கரில் பத்து நிமிடம். அதற்கும் நேரமில்லையென்றால் ஞாயிற்றுக்கிழமை வேகவைத்து, மூன்று நாளைக்கு வேண்டியதைக் குளிர்பதனப் பெட்டியின் கீழ்த் தட்டிலும் மீதியை உறையறையிலும் வைத்து, தினமும் கொஞ்சம் தாளித்துக்கொள்ளுங்கள். அலுவலகப் பையில் ஒரு கைப்பிடி வறுத்த கடலை, ஒரு கொய்யா. டீயை இரண்டாக்குங்கள், சர்க்கரையை வாரம் கால் தேக்கரண்டி வீதம் குறையுங்கள். நாக்கு ஒரு மாதத்துக்குள் பழகிவிடுகிறது. சர்க்கரைக்குப் பதில் நாட்டுச்சர்க்கரை, கருப்பட்டி, தேன் என்று மாற்றுவதால் எடைக்கும் இரத்தச் சர்க்கரைக்கும் லாபமில்லை. கருப்பட்டியில் கொஞ்சம் தாது உப்புகள் உண்டு என்பது உண்மை. ஆனால் அதன் பெரும்பகுதி சர்க்கரைதான். கல்லீரலில் கொழுப்பு உள்ளவருக்கு இது இன்னும் முக்கியம். பழச்சாறுக்கும் இதே பேச்சுத்தான். பழத்தைக் கடித்துச் சாப்பிடுங்கள். கொய்யா, பப்பாளி, நாவல், ஆரஞ்சு எதுவும் சரி. வாழைப்பழம், மாம்பழம்கூடத் தடையில்லை, நாளுக்கு ஒன்று, உணவோடு சேர்க்காமல்.

கடையில் "ஆரோக்கியம்" என்று எழுதியிருக்கும் பொருள்களிடம் எச்சரிக்கையாக இருங்கள். மளிகைச் சாமான்களைவிட இவைதான் மாதக் கணக்கை ஏற்றுகின்றன. கேழ்வரகு பிஸ்கட், பல தானிய பிரெட், மசாலா ஓட்ஸ், ஊட்டச்சத்து பானப் பொடி. பாக்கெட்டின் முன்பக்கத்தைப் படிக்காதீர்கள். பின்பக்கத்தில் இருக்கும் சேர்மானப் பட்டியலைப் படியுங்கள். எது எடையில் அதிகமோ அது முதலில் வர வேண்டும் என்பது விதி. கேழ்வரகு பிஸ்கட்டில் முதலில் கோதுமை மாவோ மைதாவோ, அடுத்து சர்க்கரை, அடுத்து பாமாயில், அப்புறம்தான் கேழ்வரகு என்றிருந்தால் அது வெறும் பிஸ்கட். 2024 ஏப்ரலில் மத்திய அரசே இணைய வணிக நிறுவனங்களிடம், இத்தகைய பானங்களை "ஆரோக்கிய பானம்" என்ற பிரிவில் விற்கக் கூடாது என்று அறிவுறுத்தியது. பிள்ளைகளுக்கு அதைக் கலந்து கொடுப்பவராக இருந்தால் வெறும் பாலும் ஒரு முட்டையும் கொடுங்கள்.

எண்ணெய் விஷயத்தில் சண்டையே தேவையில்லாத சண்டை. மரச்செக்கு நல்லெண்ணெயா, கடலை எண்ணெயா, சூரியகாந்தியா, ஆலிவா என்று விவாதிக்கிறோம். எல்லாவற்றிலும் ஒரு கிராமுக்கு 9 கலோரிதான். செக்கெண்ணெய் மணமாக இருக்கிறது, மகிழ்ச்சியாகப் பயன்படுத்துங்கள். 2024 வழிகாட்டியின் அளவு ஒருவருக்கு நாளுக்கு 27 கிராம். நீங்கள் ஐந்து பேர். மாதத்துக்கு நான்கரை லிட்டர் அளவில் வருகிறது. இப்போது எவ்வளவு வாங்குகிறீர்கள் என்று மளிகைச் சீட்டைப் பாருங்கள். பல வீடுகளில் ஏழெட்டு லிட்டர் போகிறது. ஒரு லிட்டரைக் குறைத்துத் தொடங்குங்கள்.

எவ்வளவு குறையும் என்று எதிர்பார்க்கலாம்? இதில் நேர்மையாக இருக்க விரும்புகிறேன். நியூசிலாந்தின் கிஸ்போர்ன் ஊரில் நடந்து 2017-இல் வெளியான ஆய்வில், எண்ணெய் இல்லாத முழுத் தாவர உணவை வயிறு நிறையச் சாப்பிட்டவர்கள் ஆறு மாதத்தில் சராசரியாக 12 கிலோ குறைந்தார்கள். பன்னிரண்டு மாதத்திலும் பெரும்பாலும் அதே இடத்தில் நின்றார்கள். உற்சாகமான எண். ஆனால் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகம் 609 பேரிடம் ஓராண்டு நடத்தி 2018-இல் வெளியிட்ட ஆய்வையும் பாருங்கள். ஒரு குழுவுக்குக் கொழுப்பு குறைவான உணவு, மற்றொன்றுக்கு மாவுச்சத்து குறைவான உணவு. இரண்டு குழுவுக்கும் முழு உணவாகச் சமைத்துச் சாப்பிடச் சொன்னார்கள். சராசரி இறக்கம் 5.3 கிலோ, 6 கிலோ, பெரிய வித்தியாசமில்லை. அதே நேரம் ஒவ்வொரு குழுவிலும் இருபது கிலோவுக்கு மேல் குறைந்தவர்களும் இருந்தார்கள், எடை ஏறியவர்களும் இருந்தார்கள். உங்கள் அலுவலகத் தோழி மூன்று மாதத்தில் பத்து கிலோ குறைந்தார் என்றால் உங்களுக்கும் அப்படியே நடக்க வேண்டும் என்பதில்லை. உங்கள் வயதில், உங்கள் தைராய்டோடு, மாதம் ஒன்றரை முதல் இரண்டு கிலோ என்றால் நல்ல வேகம் என்று சொல்வேன். முதல் வாரத்தில் கொஞ்சம் வேகமாக இறங்கும். அது பெரும்பாலும் நீர்.

முழு உணவு ஒன்றுதான் வழி என்றும் சொல்ல மாட்டேன். பிரிட்டனில் நடந்த 'டைரக்ட்' ஆய்வில் சர்க்கரை நோயாளிகளுக்குச் சில மாதம் பாக்கெட்டில் வரும் சூப்பும் பானமும் மட்டும் கொடுத்தார்கள், நாளுக்குச் சுமார் 850 கலோரி. ஓராண்டு முடிவில் 46 சதவீதம் பேருக்கு மருந்தில்லாமலே சர்க்கரை கட்டுக்குள் வந்தது. 15 கிலோவும் அதற்கு மேலும் குறைந்தவர்களில் 86 சதவீதம் பேருக்கு. அது மருத்துவக் கண்காணிப்பில் நடந்தது, நீங்களாகச் செய்யக் கூடாது. ஆனால் சர்க்கரையைப் பொறுத்தவரை எடை இறங்குவதற்கே பெரிய பலன் உண்டு என்பதை அது காட்டுகிறது. உங்கள் எடையில் ஐந்து சதவீதம், அதாவது நான்கு கிலோ இறங்கினாலே கல்லீரல் கொழுப்பு குறையத் தொடங்கும்.

எடை இறங்காவிட்டாலும் பலன் உண்டு. சென்னையில் மருத்துவர் ஏ. ராமச்சந்திரன் குழு, உங்களைப் போலவே சர்க்கரை நோயின் வாசலில் நின்ற 531 பேரிடம் ஆய்வு செய்து 2006-இல் முடிவுகளை வெளியிட்டது. சர்க்கரையையும் தீட்டிய மாவுச்சத்தையும் எண்ணெயையும் குறைத்து, நார்ச்சத்தைக் கூட்டி, தினமும் அரை மணி நேரம் நடக்கச் சொன்னார்கள். சர்க்கரை நோய் வரும் வாய்ப்பு 28.5 சதவீதம் குறைந்தது. மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை மாத்திரை தந்த பலனும் ஏறத்தாழ அவ்வளவே. அந்தக் குழுவின் எடை குறிப்பிடும்படி குறையவில்லை என்பதுதான் என்னை மிகவும் கவர்ந்தது. அதனால் எடைக் கருவியில் முள் நகராத வாரங்களில் மனம் உடைந்து நிறுத்திவிடாதீர்கள். உள்ளே வேலை நடந்துகொண்டிருக்கும். அந்த அரை மணி நடையில் பத்து நிமிடத்தை மதியச் சாப்பாட்டுக்குப் பிறகும், பத்தை இரவு உணவுக்குப் பிறகும் வைத்துக்கொள்ளுங்கள். இரவு உணவு ஒன்பதரைக்கு என்றால் அதை எட்டு மணிக்கு இழுக்க முடியுமா என்று பாருங்கள்.

தனிச் சமையல் பற்றிய கவலைக்கு வருகிறேன். இங்கே சொன்ன எதிலும் தனிச் சமையல் இல்லை. அதே சாம்பார், அதே கீரை, அதே கூட்டு. காய் மட்டும் இரட்டிப்பாக நறுக்க வேண்டும். அதைக் கணவரும் பிள்ளைகளும் செய்யட்டும். வளரும் பிள்ளைகளுக்குச் சோற்றைக் குறைக்க வேண்டாம். அவர்கள் தட்டில் காயும் முட்டையும் கூடினால் போதும். கல்யாண வீட்டுச் சாப்பாடு, தீபாவளிப் பலகாரம் வரும். சாப்பிடுங்கள். அடுத்த வேளை வழக்கமான தட்டுக்குத் திரும்புங்கள். மறுநாள் பட்டினி கிடந்து ஈடுகட்ட முயல்வது இரவில் மிக்சர் டப்பாவில்தான் கொண்டுபோய் விடும்.

உங்களைவிட உங்கள் மாமியார் விஷயத்தில்தான் நான் அதிகம் கவலைப்படுகிறேன். வீட்டில் சோறும் இனிப்பும் குறையும்போது அவருக்கும் குறையும். மாத்திரை மட்டும் பழைய அளவிலேயே இருக்கும். கிளிமிபிரைடு, கிளிபென்கிளமைடு வகை மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவராக இருந்தால் சர்க்கரை திடீரென்று தாழ்ந்துவிடலாம். வியர்வை, படபடப்பு, நடுக்கம், குழப்பமான பேச்சு வந்தால் உடனே மூன்று தேக்கரண்டி சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுங்கள். கால் மணி நேரத்தில் தெளியாவிட்டால் மீண்டும் கொடுத்துவிட்டு மருத்துவமனைக்குக் கிளம்புங்கள். நினைவு தப்பியிருந்தால் வாயில் எதையும் ஊற்றாதீர்கள். இது நேராமல் தடுக்க, சமையலை மாற்றும் முன்பே அவருடைய மருத்துவரிடம் சொல்லி, மருந்தின் அளவைக் கேட்டுக்கொள்ளுங்கள். அவருக்குச் சிறுநீரகக் குறைபாடு இருந்தால் கீரை, பழம், இளநீர், பருப்பு எல்லாவற்றுக்குமே அளவு உண்டு. இந்தப் பதிலில் இருப்பதை அப்படியே அவருக்குப் பொருத்த வேண்டாம். இரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் எடுப்பவர்களும் கீரையைத் திடீரென்று கூட்டக் கூடாது. அதிலுள்ள வைட்டமின் கே மருந்தின் வேலையைக் குறைக்கும்.

உங்கள் தைராய்டு மாத்திரையை வெறும் வயிற்றில் தண்ணீரோடு போட்டு, அரை மணி முதல் ஒரு மணி நேரம் கழித்துத்தான் காபி. கேழ்வரகு, பால், சோயா ஆகியவற்றுக்கு இன்னும் இடைவெளி விடுவது நல்லது. கால்சியம், இரும்பு மாத்திரைகளுக்கு நான்கு மணி நேரம் வேண்டும். எடை நன்றாகக் குறைந்தால் மாத்திரையின் அளவும் மாறலாம்.

முதல் இரண்டு வாரம் வயிறு உப்புசமாக இருக்கும். நார்ச்சத்து பழகாத குடலுக்கு அது இயல்பு. பயறு வகைகளை எட்டு மணி நேரம் ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டுப் புதுத் தண்ணீரில் குழைய வேகவைத்து, பெருங்காயமும் இஞ்சியும் சேருங்கள். ஒரேயடியாகக் கூட்டாமல், முதல் வாரம் அரைக் கப்பில் தொடங்குங்கள். தண்ணீர் கூடுதலாகக் குடியுங்கள்.

தொடங்குவதற்கு முன்னால் இடுப்பைத் தொப்புள் மட்டத்தில் டேப் வைத்து அளந்து எழுதிக்கொள்ளுங்கள். இந்தியப் பெண்களுக்கு 80 செ.மீ. என்பது வரம்பு. எடையை வாரம் ஒருமுறை, காலையில், ஒரே நேரத்தில் பார்த்தால் போதும். மூன்று மாதச் சராசரி சர்க்கரையை, தொடங்கி மூன்று மாதம் ஆவதற்கு முன்பே எடுத்துப் பார்ப்பதில் பயனில்லை. இரத்தச் சிவப்பணுவின் ஆயுள் சுமார் 120 நாள் என்பதால் பழைய கணக்கும் அதில் கலந்திருக்கும். மூன்று மாதம் முடிந்ததும் அதையும், கல்லீரல் நொதிகளையும், தைராய்டு நிலையைக் காட்டும் டி.எஸ்.எச். அளவையும் ஒன்றாக எடுங்கள். அப்போதும் 6.2-க்கு மேலேயே நின்றால் மருத்துவர் மெட்ஃபார்மின் எழுதக்கூடும். எழுதினால் தயங்காமல் எடுத்துக்கொள்ளுங்கள். தட்டு இதே போலத் தொடரட்டும்.